அம்மா கைக்கு ஏற்ற தோசைத் திருப்பி

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். தோசைத் திருப்பியின் மெல்லிய பட்டைக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க விரல் மடங்குவதில்லை. 3டி பிரின்டரில் தடிமனான பிடி செய்து மாட்டலாமா? கணினியில் பொருளின் வடிவத்தை வரையும் கேட் (CAD) மென்பொருள் எதுவும் எனக்குத் தெரியாது. பிரின்டரும் இல்லை.

பதில்: தாராளமாகச் செய்யலாம். பிரின்டர் வாங்க வேண்டாம், கேட் வகுப்புக்கும் போக வேண்டாம். வேலையின் பெரும்பகுதி கணினிக்கு வெளியேதான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கைப்பிடியைச் சுற்றி அப்புங்கள். அம்மாவை அடுப்படியில் நிற்க வைத்து, தோசை திருப்புவதுபோலவே பிடிக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டின் கோணம் மாறிவிடும். விரல் பதிந்த மாவுதான் உங்கள் வரைபடம். அதன் அகலம், உயரம், நீளத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். உள்ளிருக்கும் எஃகுப் பட்டையையும் அளக்க மறக்காதீர்கள். வட்டப் பிடியை விட முட்டை வடிவம் நல்லது, கைக்குள் உருளாது.

இனி டிங்கர்கேட் (Tinkercad) என்ற எளிய கேட் மென்பொருள். பிரவுசரிலேயே ஓடும், இலவசம். ஓர் உருளையை இழுத்துப் போட்டு, ஒரு பக்கம் நசுக்கினால் முட்டை வடிவம் வந்துவிடும். பட்டை நுழைய ஒரு பெட்டியை 'துளை' என்று மாற்றி உள்ளே வைத்து இரண்டையும் இணையுங்கள். துளை பட்டையின் அளவிலேயே இருந்தால் நுழையாது, பக்கத்துக்கு 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். முழுப் பிடியை அச்சிடும் முன் 10 மி.மீ. துண்டு ஒன்றை மட்டும் அச்சிட்டு மாட்டிப் பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பல மணி நேர அச்சைக் குப்பையில் போடுகிறார்கள்.

கரண்டி, துடைப்பம் என்று இன்னும் பிடிகள் தேவைப்பட்டால் ஓப்பன்ஸ்கேட் (OpenSCAD) என்ற இன்னொரு மென்பொருளைப் பழகலாம். அதில் வடிவத்தை எண்களாக எழுதுகிறோம். பட்டையின் அகலத்தை மாற்றினால் துளை தானே மாறும். ஒரு பிடிக்கு அது தேவையில்லை.

பொருள் விஷயத்தில் கவனம். அச்சிட்டுத் தரும் கடைக்காரர் உங்களைக் கேட்காமலே பிஎல்ஏ (PLA) என்ற பிளாஸ்டிக்கைப் போடுவார். அது சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், அடுப்பருகே வைக்க உதவாது. பிஇடிஜி (PETG) என்ற பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும். அதுவும் சூடான கல்மேல் சாய்த்து வைக்கக் கூடாது. உள்நிரப்பு, அதாவது பிடியின் உட்புறத்தை பிளாஸ்டிக்கால் நிரப்பும் அளவு, 15 சதவீதம் போதும். எடையை எஃகே தாங்குகிறது, வலிக்கிற மணிக்கட்டுக்குக் கனமான பிடி இன்னொரு தண்டனை. அச்சு வரிகளின் இடுக்கில் மாவும் எண்ணெயும் தங்கும் என்பதால், உணவைத் தொடும் பாகத்தை இப்படிச் செய்யாதீர்கள்.

அச்சிட, கிராம் கணக்கில் காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன. அடல் டிங்கரிங் லேப் (அரசுத் திட்டத்தில் அமைந்த, மாணவர்கள் பொருள் செய்து பழகும் கூடம்) உள்ள பள்ளி அருகில் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். மாணவர்களுக்கும் நல்ல வேலை. டிங்கர்கேடிலிருந்து இறக்கிய எஸ்டிஎல் (STL) என்ற வடிவக் கோப்பைக் கொடுக்கும்போது அளவு மில்லிமீட்டரில் என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கோப்பில் அலகு பதிவாகாது. அங்குலமாக எடுத்துக்கொண்டால் பிடி உலக்கையை விடப் பெரிதாக வரும்.