கடலையில் பச்சைப் பூஞ்சணம்: மருந்தடித்தால் போகுமா?

கேள்வி: மானாவாரியில் நிலக்கடலை போட்டோம். செடி நன்றாகத்தான் இருந்தது. மண்டியில் காயை உடைத்துப் பார்த்து, பருப்பில் பச்சைப் பூஞ்சணம் என்று விலையைக் குறைத்துவிட்டார்கள். அடுத்த முறை இலைக்குப் பூஞ்சைக்கொல்லி அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இலைக்கு அடிப்பது டிக்கா என்ற இலைப்புள்ளி, துரு நோய்களுக்குத்தான். உங்கள் காயில் இருப்பது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மண்ணில் வாழும் பூஞ்சை. காய் மண்ணுக்குள் இருக்கும்போதே நுழைந்துவிடும். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரப்பதும் அதுதான்.

ஆனால் நுழைந்தவுடன் நஞ்சு சேர்ந்துவிடாது. ஈரம் இருக்கும்வரை பருப்பே ரெஸ்வெரட்ரால் போன்ற ஸ்டில்பீன்கள் என்ற தற்காப்புப் பொருள்களைச் சுரந்து பூஞ்சையைத் தடுக்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. பருப்பின் எண்ணெயிலுள்ள லினோலெயிக் அமிலத்தில் 13-ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏறினால், அந்தப் பொருள் நஞ்சு உற்பத்தியை அடக்குகிறது. 9-ஆம் கார்பனில் ஏறினால் தூண்டிவிடுகிறது. 1990-களிலேயே ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள். பூஞ்சையும் இதே மாதிரிப் பொருள்களால்தான் தன் வித்துகள் (விதை போலப் பரவும் நுண்துகள்கள்) உருவாவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் செடியின் சமிக்ஞை அதற்குச் சொந்த வீட்டுப் பேச்சு மாதிரி புரிந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். அறுவடைக்கு முந்தைய 4 முதல் 6 வாரம் வறட்சி, காய் இருக்கும் மண்ணில் 28 முதல் 31 டிகிரி சூடு: இது சேர்ந்தால் பருப்பு காய்ந்து ஸ்டில்பீன் சுரப்பு நின்றுவிடும். பூஞ்சைக்கோ அந்த வறட்சி ஒரு பொருட்டே இல்லை. எனவே மருந்துக்குச் செலவிடும் பணத்தில் அந்த வறட்சி நாட்களில் பயிரைக் காக்க ஒரு தண்ணீர் கொடுக்க வழியுண்டா என்று பாருங்கள். வழியில்லையென்றால் முற்றியதும் பிடுங்கிவிடுங்கள். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். 40-45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் ஓடு உறுதிப்படும். கரையான், புழு துளைத்த காய் பூஞ்சைக்குத் திறந்த வாசல். அதைத் தனியே பொறுக்கிவிடுங்கள்.

பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்து உலர்த்துங்கள். பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அப்புறம், பருப்பு உடையாமல் இருக்க உடைப்புக்கு முன் காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். காய்ந்தது மறுபடி நனைந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

கழித்த பருப்பை வறுத்துத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. மாட்டுக்கும் வேண்டாம், பாலில் இறங்கிவிடும்.