நீர்ப்பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, குடும்பத்தோடு முதல்முறையாக நீர்ப்பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறோம். எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

பதில்: விடியும்போதே இருங்கள். வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் கானல் எழுந்து, பைனாகுலரில் எல்லாம் நெளியும். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி நில்லுங்கள். கடலோரச் சதுப்பு என்றால் கணக்கு வேறு. அங்கே ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சேறு மூழ்க மூழ்க, உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) தாமாகவே கரைப்பக்கம் வந்து சேரும்.

கேள்வி: எந்தப் பைனாகுலர் வாங்கலாம்?

பதில்: 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடத் தெரியும்.

கேள்வி: தூரத்தில் எல்லாப் பறவைகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படி இனம் காண்பது?

பதில்: நிறத்தை விடுங்கள். எங்கே நிற்கிறது, எப்படி இரை தேடுகிறது என்று பாருங்கள். சின்ன உள்ளான்கள் ஈரச் சேற்றில் ஓடித் திரியும். நெடுங்கால் உள்ளான் கால் மூழ்கும் நீரில் நடக்கும். முக்குளிப்பானுக்கு ஆழம் வேண்டும். கரண்டிவாயனைக் கண்டால் சற்று நேரம் ஒதுக்குங்கள். சற்றே திறந்த அலகை நீருக்குள் விட்டு, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் தட்டுப்பட்டதும் அலகு சட்டென மூடும். எனக்கு அலுக்காத காட்சி அது.

கேள்வி: கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும். லேசாகக் கை தட்டினால் தவறா?

பதில்: தவறுதான். தயவுசெய்து வேண்டாம். 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கி.மீ. தூரத்தை, 11 நாட்கள் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அத்தனைக்கும் எரிபொருள், கிளம்பும் முன் சேற்றில் இரை தேடித் தின்று உடம்பில் சேர்த்த கொழுப்பு. கைதட்டலுக்கு எழும் வலசைப் பறவை அந்தச் சேமிப்பைத்தான் செலவழிக்கிறது. கூடு கட்டும் காலத்தில் இன்னும் மோசம்: தாய் எழுந்துபோனால் முட்டை வெயிலில் கிடக்கும், காகம் தூக்கிக்கொண்டு போகும்.

பறவை மேய்வதை நிறுத்தி, தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறதா? அதுதான் எல்லை. ஓரடி பின்வாங்கி அசையாமல் இருந்தால் மறுபடி மேயத் தொடங்கும். பறக்கும் படத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். நீர்ப்பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி அமர்ந்து காத்திருங்கள். உங்களை நோக்கியே வரும்.

கேள்வி: குழந்தைகள் வாத்துகளுக்கு ரொட்டி போடலாமா என்று என் தங்கை கேட்கிறாள்.

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். ரொட்டியில் வாத்துக்கு வேண்டிய சத்து இல்லை, மிஞ்சியது நீரில் அழுகும். குழந்தையிடம் பைனாகுலரைக் கொடுத்து, ஒரே ஒரு பறவையைப் பார்த்து அது என்ன தின்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.