புல் ஆளுயரம், பால் மட்டும் ஏறவில்லை

கேள்வி: ஐயா, நாலு ஜெர்சி கலப்பினக் கறவைகள் வைத்திருக்கிறேன். அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் தீவனப்புல் ஆளுயரம் நிற்கிறது. 70 நாளுக்கு ஒருமுறை அறுக்கிறேன். மாடுகள் தண்டைக் கழித்துவிடுகின்றன, பாலும் ஏறவில்லை. மரபணு மாற்றிய புல், அதுதான் சத்தில்லை என்கிறார்கள். அழித்துவிடலாமா? கொரங்காட்டை, அதான் வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தை, உழுது அங்கும் இதையே போடலாமா?
– காங்கேயம் பக்கத்து விவசாயி

பதில்: அழிக்காதீர்கள். இது ஆய்வகத்தில் மரபணு புகுத்திய புல் இல்லை. கம்பையும் நேப்பியர் புல்லையும் மகரந்தம் சேர்த்து எடுத்த ஒட்டுப்புல். கம்பில் 14 குரோமோசோம், நேப்பியரில் 28, பிறந்த பிள்ளைக்கு 21. அவை சரியாக ஜோடி சேராததால் விதை பிடிக்காது. அதனால்தான் தண்டைக் கரணையாக வெட்டி நடுகிறோம். கம்பின் மென்மையும் நேப்பியரின் மறுதாம்பு வளர்ச்சியும் ஒரே தூரில் கிடைக்க வேண்டும் என்பதே இந்த உழைப்பின் நோக்கம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்ட கோ 5 ரகத்தில் இலை அதிகம், தண்டு சாறுள்ளது.

ஆனால் எந்த ரகமானாலும் முற்றவிட்டால் சத்து போய்விடும். நாளைக்கு ஒரு தண்டை அடியில் ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிந்து சாறு கசிந்தால் அது தீவனம். ஒடியாமல் நாராகத் தொங்கினால் மாடு கழித்ததில் நியாயம் இருக்கிறது. முதல் அறுப்பு 75-80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. அதற்கும் முன்னால் இளசாக அறுக்க வேண்டாம். இளம்புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு கூடுதல், அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கறவைக்கு அது நல்லதில்லை. அறுத்ததைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள்.

அப்புறம், புல்லை மட்டுமே நம்பாதீர்கள். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம் சேர்த்தால் புரதக் குறை தீரும். வரப்போரம் விதைத்தாலே உதவும். விதைத்தோல் கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நாலைந்து நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் நாலைந்து நிமிடம் போட்டெடுங்கள். பிறகு பச்சைத்தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும்.

கொரங்காட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், இதை மன்றாடியே கேட்கிறேன். நேப்பியருக்குத் தவறாமல் பாசனம் வேண்டும். கிளுவை வேலிக்குள் மானாவாரியாக நிற்கும் கொழுக்கட்டைப்புல் காய்ந்து கருகினாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். அதிலும் மேம்படுத்திய ரகம் உண்டு, கோ 1. மொட்டையாகக் கிடக்கும் திட்டுகளில் மட்டும் லேசாகக் கீறிவிட்டு, ஐப்பசி மழைக்கு அந்த விதையைத் தூவுங்கள். முளைத்து வேர்பிடிக்கும்வரை அந்தப் பக்கம் மாடு விடாதீர்கள்.