பறித்த பழத்தில் பூசணம் பிடிக்காமல் நறுமண எண்ணெய் தடுக்குமா?

தடுக்கும். ஆனால் பூஞ்சைக்கொல்லி மருந்துக்குப் பதிலாகக் கிராம்பு எண்ணெயையோ எலுமிச்சைப்புல் எண்ணெயையோ பழத்தின் மேல் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அப்படியே தடவ வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் இதே வேலையாக இரண்டு வருடம் இருந்தேன். பூசணத்தைக் கொல்வது சுலபம். பழத்தைக் கெடுக்காமல் கொல்வதுதான் பெரும்பாடு.

முதலில் கண்ணாடித் தட்டில்தான் செய்து பார்த்தேன். ஸ்ட்ராபெரியிலும் திராட்சையிலும் வரும் சாம்பல் பூசணத்தைத் தட்டில் விதைத்து, மூடியின் உட்புறத்தில் ஒட்டிய வடிதாளில் தைம் என்ற மூலிகையின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். எண்ணெய் பூசணத்தைத் தொடவேயில்லை, ஆவி மட்டும்தான். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தாலும் தட்டு வெறுமையாகவே இருந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்!

அடுத்து மாம்பழம். 1 சதவீதக் கிராம்பு எண்ணெய்க் கலவையில் முக்கி எடுத்தேன். மறுநாள் தோலெல்லாம் பழுப்புத் திட்டு, வெந்துபோன மாதிரி. காரணம் அப்புறம்தான் உறைத்தது. கிராம்பில் உள்ள யூஜெனாலும் தைமில் உள்ள தைமாலும் கொழுப்பில் கரைபவை. பூஞ்சை செல்லின் சவ்வுக்குள் புகுந்து அதை ஓட்டையாக்கி, உள்ளே இருப்பதைக் கசிய விடுகின்றன. பழத்தோலின் செல்லுக்கும் சவ்வு உண்டே! அளவு மீறினால் இரண்டுக்கும் அதே கதிதான்.

அந்த மாம்பழங்களில் கரும்புள்ளியும் வந்தது. அதை உண்டாக்கும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை, காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் நுழைந்து, பழுக்கும்வரை சும்மா கிடக்கும். மேலே பூசுகிற எண்ணெய் அதை எட்டுவது கடினம். இதற்கு 52 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் வைத்தெடுப்பது பழைய முறை. என் அனுபவத்தில் எண்ணெயைவிட அதுவே நம்பகமானது.

ஸ்ட்ராபெரியில் ஆவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் இருமல் மருந்து வாசனை அடிக்கிறது என்றார்கள்.

இன்னொரு வேடிக்கை: ஆரஞ்சுத் தோலிலேயே லிமோனீன் என்ற வாசனைப் பொருள் நிறைந்த நறுமண எண்ணெய் ததும்புகிறது. ஆனாலும் பச்சைப் பூசணம் அதில்தான் செழிக்கிறது. காயத்திலிருந்து கசியும் அந்த வாசனைதான் அதன் வித்துகளை முளைக்கவே தூண்டுகிறது. ஆகவே 'நறுமண எண்ணெய்' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இலவங்கப்பட்டை மரத்திலேயே பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு மிகுதி, இலை எண்ணெயில் யூஜெனால் மிகுதி. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

செய்து பார்க்க ஆசையென்றால் முக்குவதைவிட ஆவி மேல். மூடிய பெட்டியில் பழம் படாதபடி பஞ்சில் சில சொட்டு விட்டு, சில மணி நேரத்தில் எடுத்துவிட்டுக் காற்றாட விடுங்கள். முக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 0.1 சதவீதத்தில் தொடங்குங்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் பாலிசார்பேட் மாதிரி, எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள் ஏதாவது சேர்த்துப் பால்போலக் கலக்க வேண்டும். இல்லையென்றால் சொட்டு ஒட்டிய இடமெல்லாம் கருகும். பட்டை எண்ணெய் உங்கள் கைத்தோலையும் எரிக்கும், கையுறை போடுங்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளின் பூச்சில் கலந்து தடவுவது இன்னும் நல்ல வழி. எண்ணெய் மெதுவாக வெளிவரும், கைட்டோசானுக்கே பூஞ்சையை அடக்கும் குணமும் உண்டு.

இமசாலில், தயாபென்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத பூஞ்சை ரகங்கள் வந்துவிட்டதால்தான் இந்த எண்ணெய்கள் மேல் இவ்வளவு ஆர்வம். அதற்காகப் பறிக்கும்போது பழத்தில் கீறல் விழலாம், குளிரில் வைக்காமல் விடலாம் என்று ஆகிவிடாது. பச்சைப் பூசணம் காயம் வழியாகத்தான் நுழைகிறது.

ஏற்கெனவே பூசணம் தெரியும் பழத்தில் எதையும் முயல வேண்டாம். ஆப்பிளின் நீலப் பூசணம் பாட்டுலின் என்ற நச்சைச் சுரக்கும். எண்ணெய் பட்டுப் பூஞ்சை செத்தாலும் அந்த நச்சு பழத்திலேயே இருக்கும்.