ஒரு வாரம் லீவு போட்டும் ஒரு பக்கம் வரவில்லை!

கேள்வி: எனக்கு 39 வயது. அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் மாமியார். கல்லூரி நாட்களில் கதை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். ஆறு வருடமாக ஒரு நாவல் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு வாரம் லீவு போட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. நேரம் இல்லாதவர்கள் எழுத ஆசைப்படவே கூடாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த ஒரு வாரத்தைப் பற்றி வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த வரிதான். நேரம் மட்டும்தான் குறை என்றால், அந்த வாரம் பக்கங்கள் குவிந்திருக்க வேண்டும். நேரம் கிடைத்தது; கதைதான் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஆறு வருடம் எட்டிப் பார்க்காத வீட்டுக்குள் நுழைந்தால் எந்த சுவிட்ச் எங்கே என்று தடவத்தானே வேண்டும்? அந்தத் தடவலிலேயே லீவு தீர்ந்துவிட்டது.

அந்தோணி ட்ரோலப் என்று ஓர் ஆங்கில நாவலாசிரியர். 19ஆம் நூற்றாண்டில் தபால் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தபடியே எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவாராம். எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் சொல்லி மிரட்டுவார்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் அவர் புதிதாக எதுவும் எழுதவில்லை, முந்தின நாள் எழுதியதைத்தான் படித்தார். கதைக்குள் திரும்பிப் போக அவருக்கே அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. (அவரை எழுப்பிவிட்டுக் காப்பி கொடுப்பதற்கென்றே கூடுதல் சம்பளத்தில் ஒரு வேலையாள் இருந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.)

உங்களுக்கு அரை மணி கிடைக்காது. ஆகவே திரும்பிப் போகும் வழியைச் சுருக்க வேண்டும். எழுந்திருக்கும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். அதன் கீழே, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். அத்தியாயத்தை அழகாக முடித்துவிட்டு எழுந்த நாட்களில்தான் நான் பல முறை மாட்டியிருக்கிறேன். மறுநாள் வெறும் பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம், எழுத்தில் பாதி மேஜையில் நடப்பதில்லை. கை வேலையில் இருக்கும்போதும், வண்டிக்குக் காத்திருக்கும்போதும் மனம் சும்மாதான் இருக்கிறது. அதனிடம் ‘நாவலைப் பற்றி யோசி’ என்றால் எங்கேயோ போய்விடும். ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்: கதவைத் திறந்ததும் அவள் முதலில் என்ன சொல்வாள்? பதில் கிடைத்ததும் போனில் பேசிப் பதிவு செய்துவிடுங்கள். ‘ஞாபகம் இருக்கும்’ என்று மட்டும் நம்பாதீர்கள். இருக்காது.

வாரத்தில் நான்கு நாள், இருபது நிமிடம் போதும். ஏழு நாளும் என்று சபதம் எடுத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் முதல் நாளிலேயே அது உடைந்துவிடும், கூடவே மனமும். ஒரு தடவைக்கு நூறு சொல் என்றால் வாரத்துக்கு 400. ஐம்பது வாரத்தில் 20,000. இரண்டு வருடத்தில் 40,000 சொற்கள். தமிழில் ‘வந்துகொண்டிருந்தாள்’ என்பது ஒரே சொல் என்பதால், அது நாவலுக்குத் தாராளம். ஆறு வருடம் காத்திருந்த உங்களுக்கு இரண்டு வருடம் பெரிதா? களைத்துப்போன இரவுகளில் புதிதாக எழுத முயலாதீர்கள். எழுதியதைத் தட்டச்சு செய்யலாம், பிழை பார்க்கலாம்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நோயாளியைக் கவனித்துக்கொள்பவரின் தூக்கத்தில் கை வைப்பது நல்ல யோசனை அல்ல. வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அந்த இருபது நிமிடத்தை அவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ‘இந்த நேரத்தில் நான் எழுதுவேன், அம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

நாவல் மலைப்பாக இருந்தால் சிறுகதையாக ஆரம்பியுங்கள், தப்பில்லை. 2013இல் நோபல் பரிசு பெற்ற ஆலிஸ் மன்ரோ, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதியவர். நாவலுக்கு நேரம் வாய்க்காமல்தான் சிறுகதைப் பக்கம் போனதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் நாவலிலும் தனியாக நிற்கக்கூடிய ஒரு காட்சி இருக்கும். எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி அதுவாகத்தான் இருக்கும்.

சரி, இன்றைக்கு எழுத வேண்டாம். அந்தக் காட்சியில் உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலை அலுவலகம் போகும் வழியில் எடுத்துப் பாருங்கள்.