ஆய்வுக்காக மிதிப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெல்போர்னில் வசிக்கிறேன். அலுவலகத்துக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் என்னைப் போல வாடிக்கையாக சைக்கிள் ஓட்டுகிறவர்களைத் தன்னார்வலர்களாக அழைத்திருக்கிறது. கடுமையாக மிதித்த பிறகு உடல் எப்படி மீள்கிறது என்று அளக்கிறார்களாம். முகமூடி மாட்டிக்கொண்டு இனி முடியாது என்கிறவரை மிதிக்க வேண்டும். விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். விருப்பப்பட்டால் தொடைத் தசையிலிருந்து ஒரு துணுக்கும் தரலாம். பிறகு சிலருக்குக் குளிர்நீர்த் தொட்டி. "சோதனை எலியாகப் போகிறாயா?" என்று கணவர் சிரிக்கிறார். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வீராங்கனை அல்ல. என் உடலின் எண்களால் யாருக்கு என்ன பயன்? எனக்குத்தான் என்ன பயன்?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. உங்கள் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் என்பதைச் சொல்லும் எண், விஓ2 மேக்ஸ், கையில் கிடைக்கலாம். அதை நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளலாம், அல்லது மறைத்துவைக்கலாம். மற்றபடி இது மருத்துவப் பரிசோதனையும் அல்ல, பயிற்சி வகுப்பும் அல்ல. குளிர்நீர்த் தொட்டியா, வெறும் நாற்காலியா என்பதைக்கூட அநேகமாகக் குலுக்கல்தான் முடிவுசெய்யும். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

எலி விஷயம். எலியால் பாதியில் இறங்கிப் போக முடியாது. நீங்கள் எந்த நொடியிலும் மிதிப்பதை நிறுத்தலாம், ஆய்விலிருந்தே விலகலாம். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுத்த 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இந்த உரிமை இருக்கிறது. மேலும், இந்தத் துறையில் முதலில் எலியானவர்கள் ஆய்வாளர்கள்தான். தசை வெப்ப ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஏ.வி. ஹில், தன் மூச்சுக்காற்றைச் சேகரிக்கும் பையை முதுகில் சுமந்தபடி மான்செஸ்டரில் புல்தரையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். விஓ2 மேக்ஸ் என்ற கருத்து அந்த ஓட்டங்களிலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1966இல் ஸ்வீடனில் நடந்தது. ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. தசையில் சேமித்திருந்த கிளைகோஜன் (மாவுச்சத்தை உடல் சேமித்துவைக்கும் வடிவம்) தீரும்வரை மிதித்துவிட்டு, மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவைச் சாப்பிட்டார்கள். இடையிடையே இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் மற்றக் காலைப்போல ஏறக்குறைய இரு மடங்காகச் சேர்ந்திருந்தது. உழைக்காத காலில் பெரிய மாற்றம் இல்லை. இரு கால்களிலும் ஓடியது ஒரே ரத்தம், ஒரே சோறு. ஆகவே மீட்சியைத் தூண்டும் ஏதோ ஒன்று உழைத்த தசைக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தது. மாரத்தான் ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முன் மாவுச்சத்து ஏற்றிக்கொள்வதற்கு அடிப்படை இரண்டு பேரின் நான்கு தொடைகள்!

உங்களிடம் கேட்கும் துணுக்கும் அநேகமாக பெர்க்ஸ்ட்ரோம் பரவலாக்கிய ஊசி வகையால்தான் எடுக்கப்படும். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி எடுப்பார்கள். சில நாள் வலி இருக்கும், சிறு தழும்பு நிற்கலாம். தயக்கமாக இருந்தால் அதை மட்டும் மறுத்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வீராங்கனை இல்லையே என்ற கவலைக்கு அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்லும். 1966இல் அங்கே 20 வயதான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களின் விஓ2 மேக்ஸ் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் சரிந்தது. பிறகு பயிற்சி கொடுத்து மீட்டார்கள். ஐவரில் மூவர் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்கள். பயிற்சியால் தொடங்கிய இடத்தையும் தாண்டி வெகுவாக முன்னேறியவர்கள் அவர்கள்தான். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்துச் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டை முப்பது ஆண்டு முதுமைகூடச் செய்திருக்கவில்லை. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கவைக்கும் வழக்கம் ஒழிந்ததில் இந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு.

நான் இதுவரை சொன்ன எல்லாரும் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மாதவிடாய்ச் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று சொல்லி, நெடுங்காலம் பெண்களை இத்தகைய ஆய்வுகளில் சேர்க்காமலேயே விட்டார்கள். பாதி மனித குலத்துக்கு ஆண்களின் எண்களை வைத்தே அறிவுரை சொன்னார்கள் என்பது எனக்கு எரிச்சலான விஷயம். நீங்கள் போக வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான். மாதவிடாய்த் தேதிகளைக் கேட்டால் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

குளிர்நீர்த் தொட்டியைப் பற்றி உங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. 30 ஆண்களை 30 விநாடி வீதம் நான்கு முறை முழு வேகத்தில் மிதிக்கவைத்தார்கள். பிறகு ஒரு குழு 10 டிகிரி நீரில், இன்னொரு குழு வெதுவெதுப்பான நீரில். மூன்றாவது குழுவுக்கும் வெதுவெதுப்பான நீர்தான், ஆனால் உடலை மீட்கும் எண்ணெய் என்று சொல்லி அதில் ஒன்றைக் கலந்தார்கள். உண்மையில் அது தோலைச் சுத்தம் செய்யும் சாதாரணத் திரவம். அடுத்த இரண்டு நாளில் கால் வலிமை மீண்டதை அளந்தபோது, "எண்ணெய்" குழு வெறும் வெந்நீர்க் குழுவை முந்தியது. குளிர்நீர்க் குழுவுக்கும் அது சளைக்கவில்லை.

ஆகவே உங்களிடமும் பாதி உண்மையை மட்டும் சொல்லக்கூடும். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் அப்படிச் செய்வார்கள், முடிவில் விளக்கியும் விடுவார்கள். கோபப்படாதீர்கள். ஆனால் அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று யூகித்து அதற்கேற்பப் பதில் சொல்லவும் வேண்டாம். நம்மிடம் அந்த உபசாரப் புத்தி கொஞ்சம் அதிகம். எவ்வளவு கடினம் என்று கேட்டு 6 முதல் 20 வரை ஓர் அட்டையை நீட்டலாம். (விசித்திரமாக 6இல் தொடங்குவது ஏனென்றால், பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத் துடிப்பு தோராயமாக வரும்.) 17 என்று தோன்றினால் 17 என்றே காட்டுங்கள். முந்தின இரவு விருந்தில் பிரியாணி சாப்பிட்டால் உணவுக் குறிப்பில் எழுதுங்கள். காலையில் காபி கூடாது என்றும் சொல்லக்கூடும். நம்மவர்களுக்கு முகமூடியைவிட இது கடினமான சோதனை.

விரல் ரத்தத்தில் பெரும்பாலும் லாக்டேட்டைத்தான் பார்ப்பார்கள், கடுமையாக உழைக்கும்போது தசையில் உண்டாகும் பொருள் அது. மறுநாள் வலிக்கு அதுவே காரணம் என்று ஜிம்களில் இன்றும் சொல்கிறார்கள். மறுநாளுக்கு அது எங்கே இருக்கிறது? ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

நெஞ்சு வலி, மயக்கம், குடும்பத்தில் இளவயது இதய மரணம் இவற்றில் எதுவும் இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன், தசைத் துணுக்கை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தால் யார் உங்களிடம் சொல்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். அன்று மட்டும் வீட்டுக்கு டிராமில் திரும்புங்கள்.