சூப்பர்வைசர் சொல்லும் நன்றி: கேட்டவர்களும் என் பதில்களும்

கடலூர் சிப்காட்டில் 18 வருஷம் ஷிப்ட் பார்த்துவிட்டு, அப்புறம் 8 வருஷம் எச்.ஆரில் உட்கார்ந்தவன் நான். மேலே இருப்பவர் நன்றி சொன்னால் கீழே இருப்பவருக்கு வேலையில் ஈடுபாடு கூடுமா என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்தவற்றில் சில.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி. பேக்கிங் லைன் சூப்பர்வைசர்: நன்றி சொன்னால் நிஜமாகவே வேலை கூடுமா சார்? இல்லை, எச்.ஆர். வகுப்பில் சொல்கிற கதையா?

கதை இல்லை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை திரட்டும் 41 பேரை வைத்து ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்து, 2010இல் எழுதினார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் மேலதிகாரி நேரில் வந்து, உங்கள் உழைப்புக்கு நன்றி என்றார். அடுத்த வாரம் அவர்கள் பேசிய அழைப்புகள் 50 சதவீதத்துக்கு மேல் கூடின. எத்தனை போன் பேசினாலும் அவர்களுக்கு ஒரே சம்பளம்தான். ஜீனோவின் வேறு சில ஆய்வுகளின் தரவு பற்றிப் பின்னாளில் பெரிய சர்ச்சை வந்தது, அவர் மறுக்கிறார். அதனால் அந்த 50ஐ நான் வேதவாக்காக எடுப்பதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது: நன்றியைக் காதில் வாங்கியவனுக்குத் திறமை கூடிவிட்டதாகத் தோன்றவில்லை, ‘நான் இங்கே வேண்டப்பட்டவன்’ என்று தோன்றியது.

திருப்பாதிரிப்புலியூர்; ஜவுளிக்கடை முதலாளி: எனக்கு ‘நன்றி’ என்று சொல்ல வாயே வருவதில்லை. மேடையில் பேசுவது போல இருக்கிறது.

யாருக்குத்தான் வருகிறது? நம் ஊரில் அந்தச் சொல் கூட்டத்தின் கடைசியிலும் பில்லின் அடியிலும்தான் இருக்கிறது. சொல்லை விடுங்கள், செய்ததைச் சொல்லுங்கள். “தீபாவளிக் கூட்டத்துல பட்டு செக்‌ஷனைத் தனியாளா சமாளிச்சியேம்மா” என்றால் போதும்.

2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்த காலை. நைட் ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போக முடியாமல் ஆலையிலேயே இருந்தோம். நாலு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் ‘அனைவருக்கும் நிர்வாகத்தின் நன்றி’ என்று ஒரு தாள் ஒட்டினார்கள். நின்று படித்தவர் யாரும் இல்லை. ஆனால் புயலன்று மதியமே எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் பம்ப் ஆபரேட்டரிடம், “ஜெனரேட்டர் ரூம் வாசல்ல ராத்திரியே மணல் மூட்டை அடுக்கின பாரு, அதனாலதான் இப்ப மோட்டார் ஓடுது” என்றார். அந்த ஆபரேட்டர் ரிட்டையர் ஆகிற வரைக்கும் புது ஆள் யார் வந்தாலும் அந்த வாசலைக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

கூச்சம் நமக்கு மட்டும் இல்லை. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் கண்டது இது: நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். அவருக்கு உண்டாகும் சந்தோஷத்தைக் குறைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

சேதராப்பட்டு, காண்ட்ராக்ட் தொழிலாளி: எங்க சூப்பர்வைசர் வாய் நிறைய நன்றி சொல்றார் அண்ணே. ஓவர்டைம் காசுதான் வரல.

அது நன்றி இல்லை தம்பி, வாயில் சர்க்கரை போடுவது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. வேலை செய்த தேதியையும் மணியையும் ஒரு நோட்டில் எழுதி வை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நாலு பேராகச் சேர்ந்து போங்கள். வேலையில் மனசு ஒட்ட மூன்று வேண்டும் என்று வில்லியம் கான் என்ற ஆய்வாளர் 1990இல் எழுதினார்: வேலைக்கு ஓர் அர்த்தம், பயமில்லாத இடம், உடம்பிலும் மனசிலும் தெம்பு. நன்றி முதல் இரண்டைத் தொடலாம். தெம்பு சோற்றிலும் தூக்கத்திலும்தான் வரும்.

மஞ்சக்குப்பம், தலைமை நர்ஸ்: எல்லார் முன்னாடியும் பாராட்டலாமா?

ஆளைப் பொறுத்தது. எட்டுப் பேர் சேர்ந்து செய்ததற்கு ஒருத்தியை மட்டும் நிறுத்திப் பாராட்டினால் அன்றைக்கே அவளுக்கு ‘ஜால்ரா’ பட்டம் கிடைத்துவிடும். டியூட்டி மாறும் நேரத்தில் பக்கத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வில்லியனூர்; புரொடக்‌ஷன் இன்சார்ஜ்: தினமும் சொல்லணுமா?

வேண்டாம். குட் மார்னிங் மாதிரி ஆகிவிடும்.

அவரே: எங்க ஜி.எம். எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே சார்?

எனக்கும் 26 வருஷத்தில் இரண்டே தடவைதான். இரண்டுக்கும் தேதி சொல்வேன்.